மையாற்றில் ஒரு படகுக்காரி

பல்லுக்காரர் கரப்பான்பூச்சியைக்கூட அட்டையில் ஏந்தி ஜன்னலுக்கு வெளியே விடுகிறவர். அப்பேர்ப்பட்ட மனிதர் பதினோரு வருடமாக, வாள் எந்தக் கோணத்தில் விழுந்தால் எவ்வளவு ரத்தம் போகும் என்று அட்டவணை போட்டுக்கொண்டிருந்தார்.

பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுப்பதுதான் தொழில். பிளாஸ்டர் அச்சின் மேல் மெழுகை உருக்கி, பல்லை ஒவ்வொன்றாகப் பதித்து, ஈறைச் செதுக்குவார். ஊரில் பாதிப் பேர் அவர் கட்டிய பல்லால்தான் சிரிக்கிறார்கள். ஒருவருக்கும் அவரைத் தெரியாது. அதில் அவருக்குக் குறையில்லை.

அட்டவணைக்குக் காரணம் அவருடைய இடது கால். இருபது வயதில் ஒரு லாரி அதை நொறுக்கியது. எட்டு மாதம் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். பக்கத்துக் கட்டில்காரர் வீட்டுக்குப் போகும்போது ஒரு பை நிறையக் கதைப் புத்தகங்களை விட்டுப் போனார். 'இரும்புத்தோளன்' வரிசை, மொத்தம் இருபத்து மூன்று. பாம்புக் கோயில், சாம்பல் மந்திரவாதி, கறுப்புத் தண்ணீர் ஓடும் மையாறு, எதற்கும் அஞ்சாமல் வாளோடு நடக்கும் ஒருவன். நடக்க முடியாதவருக்கு அவன் நடந்து கொடுத்தான். அந்த நன்றி கால் கூடிய பிறகும் போகவில்லை.

அதனால் அந்த உலகத்தை மேசை விளையாட்டாக மாற்ற ஆரம்பித்தார். நாலு பேர் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் உலகத்தைச் சொல்லிக்கொண்டு போவார். மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு பாத்திரமாகி, 'நான் இதைச் செய்கிறேன்' என்பார்கள். செய்தது பலித்ததா என்பதை இருபது முகப் பகடை முடிவுசெய்யும். பெரிய எண் விழுந்தால் பிழைத்தோம்.

ஆனால் நன்றி மிகுந்த மனிதர் ஒரு கமாவைக்கூட மாற்றத் துணிய மாட்டார். நூற்று நாற்பது பக்கத்துக்கு விதிப் புத்தகம் எழுதினார். அதில் முதல் விதி: இரும்புத்தோளனுக்குச் சாவில்லை.

"அப்புறம் எதுக்கு மாமா பகடை?" என்பான் மச்சினன். லிஃப்ட் மெக்கானிக். "எந்த மாடியில நிக்கும்னு முன்னாடியே தெரிஞ்ச லிஃப்ட்ல எனக்கு என்ன வேலை?"

"எழுதினவரே கொல்லாதவனை நான் எப்படிக் கொல்றது மாப்ள?"

"நீங்க கொல்ல வேணாம். நாங்க கொட்டாவி விட்டே கொன்னுடுவோம்" என்பார் மனைவி.

விளையாட்டை அச்சடிக்க எழுத்தாளர் குடும்பத்தின் சம்மதம் வேண்டும். எழுத்தாளர் காலமாகி ஆறு வருடம். அவர் மனைவி மருந்துக்கடை நடத்துகிறவர். பல்லுக்காரர் எழுதிய நாலு பக்கக் கடிதத்துக்கு போனில் நாலு வரியில் பதில் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு வரேன். என் முன்னாடி ஒரு ஆட்டம் ஆடுங்க. பிடிச்சா அச்சடிச்சுக்கோங்க. பிடிக்கலேன்னா மூட்டை கட்டிப் பரண்ல போட்டுடுங்க."

சரியாக மூன்று மணிக்கு வந்தார். குடையை மூலையில் சாய்த்துவிட்டு, மேசையில் நின்ற பொம்மைகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். பல்லுக்காரர் வார்த்த பிளாஸ்டர் வீரர்கள். பட்டறையில் மிஞ்சிய பொருளில் செய்ததால் அரசன் முதல் பிசாசு வரை எல்லோருக்கும் ஈறு நிறத்தில் மேலங்கி.

"நான் யாரு?"

"பாம்புக் கோயில் ராணி இருக்காங்கம்மா, மந்திரவாதியோட..."

அவர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் விரலை வைத்தார். "இந்தப் படகுக்காரி?"

"ஏழாவது புத்தகத்துல ஒரே ஒரு வரிம்மா. 'படகுக்காரி அவனை அக்கரை சேர்த்தாள்.' அவ்வளவுதான்."

"கடை வச்சிருக்கிறவளுக்கு அதான் சரி. வரவங்களை அனுப்பி வைக்கிற வேலை."

மற்ற பாத்திரங்களுக்குப் பலமும் திறமையும் எழுதிய அட்டை உண்டு; படகுக்காரிக்கு அதுவே கிடையாது. பல்லுக்காரர் ஒரு ஆர்டர் சீட்டைத் திருப்பிப் போட்டு அவசரமாக எழுதினார்: பலம் எட்டு, துடுப்பு பதினெட்டு. மனைவி வழக்கம்போல் திருடி. மச்சினன் இரும்புத்தோளன்.

"ம், ஓட்டு!" என்றான் இரும்புத்தோளன்.

"ஓட்டுறேன். மொதல்ல உக்காருங்க தம்பி. நின்னா கவுந்துடும்."

"நான் உக்கார மாட்டேன். ஏழாவது புத்தகத்து அட்டைப்படத்துலயே நின்னுக்கிட்டுதான் இருக்கேன்."

"உக்காருடா" என்றாள் திருடி.

அவன் நின்றான். நடு ஆற்றில் நீர்ப்பாம்பு படகை முட்டியது. நிலைதடுமாறாமல் இருக்கப் பகடை உருட்டினான். ஒன்று. இரும்புக் கவசத்தோடு தண்ணீருக்குள் போனான்.

"துடுப்பை நீட்டுறேன்" என்றார் மருந்துக்கடை அம்மா. உருட்டினார். பதினேழு. துடுப்பு அவன் முகத்துக்கு நேராகப் போய் நின்றது.

"பிடிக்கணும்னா வாளை விடணும் மாப்ள" என்றார் பல்லுக்காரர்.

"விட முடியாது. இருபத்து மூணு புத்தகத்துலயும் விட்டதில்ல. ஒத்தைக் கையால பிடிக்கிறேன்." உருட்டினான். இரண்டு.

பல்லுக்காரரின் விரல் தானாக முதல் பக்கத்துக்குப் போனது. விதி அங்கே இருந்தது, அவர் கையெழுத்திலேயே. அவனைப் படைத்தவரின் மனைவி எதிரே உட்கார்ந்திருக்கிறார். பதினோரு வருட உழைப்பு அவருடைய ஒரு தலையசைப்பில் இருக்கிறது.

மச்சினன் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கிண்டல் இல்லாமல் பேசினான். "மாமா, காப்பாத்தாதீங்க. இப்பதான் நெசமாவே பயந்தேன்."

பல்லுக்காரர் விதிப் புத்தகத்தை மூடினார். "இரும்புத்தோளன் மூழ்கினான்" என்றார். கட்டிலில் கிடந்த எட்டு மாதமும் அந்த மூன்று நொடியில் கண்முன் வந்து போனது.

மருந்துக்கடை அம்மா தலையைக் குனிந்துகொண்டார். தோள்கள் குலுங்கின. பல்லுக்காரர் பதறிப்போய்த் தண்ணீர் எடுக்க எழுந்தார். பிறகுதான் தெரிந்தது, அவர் சிரிக்கிறார்.

"என் வீட்டுக்காரர் இவனை மூணு தடவை கொன்னார். மூணு தடவையும் பதிப்பாளர் உயிர் குடுத்துத் திருப்பி அனுப்பிட்டார். கல்யாணத்துக்கு அப்புறம் நாங்க ரெண்டு பேரா சாப்பிட்டதே இல்ல, இந்தத் தடியனும் நடுவுல உக்காந்திருப்பான்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவர் இன்னிக்கு இருந்திருந்தா உங்க கையைப் பிடிச்சிருப்பார்."

"அவராலதான்மா நான்..." என்று பல்லுக்காரர் ஆரம்பித்தார். கடிதத்தில் நாலு பக்கம் வந்த விஷயம் நேரில் இரண்டு வார்த்தையோடு நின்றுவிட்டது.

"தெரியும். எழுதியிருந்தீங்களே. ரெண்டு தடவை படிச்சேன்."

மனைவி கண்ணைக் காட்ட, பல்லுக்காரர் சம்மதப் பத்திரத்தை அம்மா பக்கம் நகர்த்தினார். அம்மா பேனாவை எடுத்து அதன் மேல் பாரமாக வைத்தார்.

"போட்டுட்டுத்தான் போவேன், பயப்படாதீங்க. அந்த மொத விதியை மட்டும் அடிச்சுடுங்க. ஆனா நானும் இந்தப் பொண்ணும் இன்னும் நடு ஆத்துல இருக்கோம். அக்கரையில என்ன தெரியுது, சொல்லுங்க."

பல்லுக்காரர் விதிப் புத்தகத்தைப் பார்த்தார். நூற்று நாற்பது பக்கத்திலும் அதற்கு விடை இல்லை. அவன் இல்லாத அக்கரையை அந்த எழுத்தாளர்கூடப் பார்த்ததில்லை. பல்லுக்காரர் கண்ணை மூடினார். வாழ்க்கையில் முதல்முறையாக, யாரும் எழுதிவைக்காத ஒன்று அங்கே தெரிந்தது.

"கரையில..." என்றார் மெதுவாக, "யாரோ துணி காயப் போட்டிருக்காங்க."

மருந்துக்கடை அம்மா பகடையைக் கையில் எடுத்துக்கொண்டு மேசையை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தார்.

"எத்தனை பேர் துணி?"