மூன்று கீறல்

எனக்கு யார் மீதும் சட்டென்று நம்பிக்கை வராது. பெட்ரோல் பங்கில் மீட்டரைப் பார்ப்பதற்காகவே வண்டியை விட்டு இறங்கி நிற்கிற ஆள். குமுளியில் ஒரு விடுதியில் வரவேற்பு மேலாளராக இருக்கிறேன். வருகிறவர்கள் நீட்டுகிற அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுதான் பிழைப்பே. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பாள் மனைவி.

அப்படிப்பட்டவன் கொச்சியில் போய்ப் பழைய டர்போ கார் ஒன்றை வாங்கினேன். தாழ்ந்த உடம்பு, அகலமான டயர், மிதித்தால் முதுகை இருக்கையோடு அப்புகிற வேகம். சனிக்கிழமைதோறும் அதில் மலை இறங்கி, அடிவாரத்து டீக்கடையில் பிரேக்கை ஆறவைத்துவிட்டு, கம்பத்தில் இருக்கும் மாமனார் வீட்டுக்குப் போவோம். இதில் என்ன கோளாறு ஒளிந்திருக்கிறதோ என்று காதைத் தீட்டிக்கொண்டேதான் ஓட்டினேன்.

ஐந்தாம் மாதம் அது வந்தது. அறுபதைத் தாண்டினால் கிரைண்டர் ஓடுவது போல ஓர் உறுமல். வலப்பக்கம் திரும்பினால் கூடும், இடப்பக்கம் திரும்பினால் அடங்கும். மனைவியின் அண்ணன் கம்பத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ஸ்பிரிங் மேல் கையை வைத்துப் பார்த்தார். இடது முன்சக்கரத்துப் பேரிங். கழற்றியதும் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"உள்ள தண்ணி போயிருக்கு மாப்ள. வண்டிய எங்கயாச்சும் தண்ணில விட்டீகளா?"

"நான் என்ன ஆத்துலயா ஓட்டுறேன் மச்சான்?" என்றேன். எனக்குச் சுருக்கென்றது. நாளைக்கு ஏதாவது ஆனால் பழியை என் தலையில் போட இப்போதே வழி பார்க்கிறார் என்று நினைத்தேன்.

நினைத்தபடியே நடந்தது. நான்கே மாதத்தில் அதே சக்கரம், அதே உறுமல். மற்ற மூன்றும் சும்மா இருக்க, அவர் கை வைத்தது மட்டும் ஏன் போக வேண்டும்? டூப்ளிகேட் மாட்டியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். வாயைத் திறக்கவில்லை. இந்த முறை நானே கொச்சிக்குப் போய் ஒரிஜினல் பேரிங் வாங்கினேன். வெளி வளையத்தின் முகப்பில், கண்ணாடி வெட்டும் கருவியால் மூன்று கீறல் போட்டேன். மறுபடி பெட்டியில் வைத்து ஒட்டி அவரிடம் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அவர் அதைக் கையில் எடுத்து, ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தார். அந்த நேரம் விடுதியிலிருந்து போன் வந்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு வருவதற்குள் பேரிங்கைப் பிரஸ் மெஷினில் வைத்து அழுத்தி ஏற்றி முடித்திருந்தார். அந்த ஐந்து நிமிடம் என்னைத் தின்றுகொண்டே இருந்தது.

மூன்றாவது முறையும் சத்தம் வந்தபோது, மகளுக்குக் காதுகுத்து நெருங்கிக்கொண்டிருந்தது. மாமனார் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து அது பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மச்சான், "மறுபடி சத்தமா மாப்ள? காலைல கொண்டாங்க, பாத்துருவோம்" என்றார். அவ்வளவுதான், பொங்கிவிட்டேன்.

"நான் வாங்கிக் குடுத்தத வித்துட்டு டூப்ளிகேட்ட மாட்டினா எத்தன தடவ பாத்து என்ன மச்சான்?"

அவர் எழுந்தார். "அப்ப திருடன் மடியில எதுக்குப் பிள்ளைய உக்கார வைக்கணும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வெளியே போனார்.

திரும்பி மலை ஏறும்போது மனைவி ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "தாய்மாமன் மடி இல்லாம எம் பிள்ளைக்குக் காது குத்த மாட்டேன்." காதுகுத்துக்குப் பத்து நாள் இருந்தது.

என் பக்கம் நியாயம் இருக்கிறது என்று அவளுக்குக் காட்ட வேண்டும். வண்டியைத் தேனியில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். மேஸ்திரி பேரிங்கைக் கழற்றி வெளியே எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"இது என்ன சார், யாரு போட்ட கோடு?"

மூன்று கீறல். நான் போட்ட அதே கீறல்.

"மாட்டுனவுக வேலைய சுத்தமாத்தான் செஞ்சிருக்காக. தண்ணிதான் வினை. பேரிங் சூடா இருக்கையில குளுந்த தண்ணி பட்டா, உள்ள இருக்க காத்து சுருங்கி, ஓரத்து ரப்பர் சீல் வழியாத் தண்ணிய இழுத்துக்கிரும்." கிரீஸ் பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தது. இவரும் மச்சானும் சேர்ந்து பேசி வைத்திருப்பார்களோ என்று அப்போதும் ஒரு கணம் தோன்றியது. என் புத்தி அப்படி.

அடுத்த சனிக்கிழமை தனியாக மலை இறங்கினேன். அடிவாரத்து டீக்கடையில் ஜீப்காரர்கள் வழக்கம் போல நிறுத்திச் சூடான சக்கரங்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பழக்கதோஷம், நானும் இறங்கிக் குழாயை எடுத்துப் பிடித்தேன். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. கடைக்காரரின் குழாய் குட்டை. என் வண்டியில் இடது முன்சக்கரத்துக்கு மட்டும்தான் அது எட்டும். ஒரு வருஷத்துக்கு மேலாக, வாரம் தவறாமல், நானே ஊற்றியிருக்கிறேன். கையில் குழாயோடு அப்படியே நின்றேன். வெட்கமாக இருந்தது.

நேரே மச்சான் ஒர்க்‌ஷாப்புக்குப் போய், தேனியில் கழற்றிய பேரிங்கை அவர் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "தப்பு எம்மேலதான் மச்சான். மன்னிச்சிருங்க." அவர் கீறல்களைக் கட்டைவிரலால் தடவினார்.

"இத நான் மாட்டும்போதே பாத்தேன் மாப்ள. எதுக்குப் போட்டிருக்கீகன்னும் தெரியும். தங்கச்சிக்காகத்தான் பேசாம மாட்டினேன்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"காதுகுத்துக்கு வந்துர்றேன். பிள்ள என்ன பண்ணுச்சு? ஆனா அந்த வண்டி இனிமே இங்க வரக்கூடாது. நாளைக்குச் சக்கரம் கழண்டு ஓடுனா அதுக்கும் நான்தானே?"

சொன்னபடி சீர்த்தட்டோடு வந்தார். மகளை மடியில் வைத்து, ஊசி இறங்கும்போது அவள் கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினார். என்னிடம் "வாங்க மாப்ள, சாப்பிட்டீகளா" என்று மரியாதையாகக் கேட்டார். முன்பெல்லாம் என் இலையில் அவரே கறியை அள்ளி வைப்பார்.

இப்போது வண்டி தேனிக்குத்தான் போகிறது. அங்கே வாடிக்கையாளரை உள்ளே விடுவதில்லை. கண்ணாடி அறையில் உட்கார வைத்துக் காப்பி கொடுக்கிறார்கள். போன வாரம் பின்சக்கரத்துக்குப் பேரிங் மாற்றினார்கள். உள்ளே எதைக் கழற்றி எதை மாட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.