வள்ளிக்குப் போடாத ஊசி

ஆதிலட்சுமி போட்டால் ஊசி வலிக்காது என்று திருவண்ணாமலை சுற்றுவட்டாரத்தில் பேர். செங்கம் ரோடு பக்கம் இருந்த ஒரு சின்ன பிரசவ ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். மூன்று வருஷத்துக்கு மேல் படித்து, நர்சிங் கவுன்சிலில் பேரைப் பதிந்துகொண்டவள். அந்தப் பதிவுச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு, வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தாள். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியிருந்த மரியாதை அது ஒன்றுதான்.

1974ல் கீழ்பென்னாத்தூர் பச்சையம்மாளுக்குப் பிள்ளை பிறந்ததும் ரத்தப்போக்கு நிற்கவே இல்லை. டாக்டர் வெளியூர் போயிருந்தார். ஆதிலட்சுமி யோசித்துக்கொண்டு நிற்கவில்லை, ரத்தம் நிறுத்துகிற ஊசியை எடுத்துப் போட்டுவிட்டாள். பச்சையம்மாள் பிழைத்துக்கொண்டாள்.

மறுநாள் டாக்டர் வந்தார். நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லுவார் என்று அந்தப் பைத்தியக்காரி காத்திருந்தாள். கைக்கு மெமோதான் வந்தது. உத்தரவில்லாமல் மருந்து கொடுக்க நர்சுக்கு அதிகாரம் கிடையாது, கவுன்சிலுக்கு எழுதினால் பதிவே போய்விடும் என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரிதான். பச்சையம்மாள் வீட்டார் அவரை விட்டுவிட்டு நர்ஸ் காலில் போய் விழுந்ததுதான் அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். செய்தது தப்பு, இனி டாக்டர் கையெழுத்தில்லாமல் எந்த மருந்தையும் தொடமாட்டேன் என்று அவளைக் கைப்பட எழுதவைத்து வாங்கி, மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

அன்றிலிருந்து அங்கே ஒரு வழக்கம் வந்தது. டாக்டர் எங்கே இருந்தாலும் கேஸ் ஷீட் அவரைத் தேடிக்கொண்டு போகும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தாலும் விடாமல், ஐம்பது வயசு வார்டுபாய் தருமன் சைக்கிளில் போய் அட்டையை நீட்டுவார், டாக்டர் இடது கையால் பேனாவைப் பிடித்துக் கிறுக்கித் தருவார். ஒன்பது வருஷம் இப்படியே ஓடியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

1983, தீபத்தன்று சாயங்காலம் அடி அண்ணாமலை வள்ளிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கொஞ்ச நேரத்தில் அதே ரத்தப்போக்கு. டாக்டர் தேரடித் தெருவில் சொந்தக்காரர் வீட்டு மாடியில் தீபம் பார்க்கப் போயிருந்தார். தருமன் ஷீட்டை எடுத்துக்கொண்டு ஓடினார். அன்றைக்கு அந்தத் தெருக்களில் சைக்கிளை உருட்டக்கூட இடம் கிடையாது.

ஆதிலட்சுமி கட்டிலின் கால்மாட்டைச் செங்கல் வைத்து உயர்த்தினாள். அடிவயிற்றை விடாமல் அழுத்திப் பிசைந்தாள். மருந்து ஏற்றிய ஊசி டிரேயில் தயாராக இருந்தது. இரண்டு தடவை கை அதுவரைக்கும் போய்த் திரும்பியது. டிராயருக்குள் கிடந்த கடிதத்தை நினைத்துத்தான் திரும்பியது.

"ஊசி போட்டா நின்னுடும்னு சொன்னியேக்கா" என்றாள் வள்ளி.

"தோ வந்துடும்மா. கையெழுத்து வந்துக்கினே இருக்குது."

அதைச் சொன்ன வாயை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை.

மலைமேல் தீபம் ஏறியது. ஊரே அரோகரா என்றபோது, அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்த வள்ளியின் விரல்கள் தளர்ந்துபோயின.

தருமன் வந்து சேர அதற்குமேல் கால்மணி நேரம் ஆனது. ஷீட்டில் கையெழுத்து இருந்தது. டாக்டர் என்ன சொன்னார் என்று அவள் கேட்டாள். தருமன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இதுக்குப் போயி இம்மாந் தூரம் வரணுமா, போட்டுட்டு அப்பறம் வாங்கிக்கிறதுதானேன்னாருங்க சிஸ்டர்."

வேலூரிலிருந்து அதிகாரி ஒருவர் வந்து விசாரித்தார். நல்ல மனுஷன், அவளை உட்காரச் சொல்லித்தான் கேட்டார்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. சட்டப்படிதான் நடந்துக்கினிருக்கீங்க."

"இருக்குதுங்க" என்றாள் அவள். "பச்சையம்மாளுக்கு ஊசி போட்டது தப்புன்னு அன்னிக்கு எழுதிக் குடுத்தேன். அது பொய்யிங்க. அதையும் எழுதிக்குங்க."

அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

நர்ஸ் மீது குற்றமில்லை என்று அடுத்த மாதம் கடிதம் வந்தது. அன்றைக்கே அவள் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்த சான்றிதழைக் கழற்றி டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டாள். வேலையை விட அவளுக்கு வழியில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு டியூட்டிக்குப் போய், வள்ளி படுத்திருந்த கட்டிலுக்கு விரிப்பு மாற்றினாள்.