நான்கு விரல் தடம்

குயவர் வேதமுத்து இறந்து பன்னிரண்டு நாளாகியும், அவர் மிதித்த மண் சீவலப்பேரிப் பட்டறையின் மூலையில் ஈரச் சாக்குக்குள் உறங்கிக்கொண்டிருந்தது. காலையும் மாலையும் மகன் அருமைநாயகம் சாக்கை விலக்கித் தண்ணீர் தெளிப்பான். மண்ணின் மேல் அப்பாவின் பாதங்கள். இடது பாதத்தில் நான்கு விரல்தான். சுண்டுவிரலைச் சின்ன வயதிலேயே மண்வெட்டி கொண்டுபோயிற்று. படம் எடுத்துக்கொள்ளாத மனிதர். மிச்சம் இந்தத் தடங்கள்தான்.

அருமைநாயகம் மிஷன் தொழிற்பள்ளியில் படித்து ஓட்டுச் சூளையில் வேலை பார்ப்பவன். களிமண்ணையும் மணலையும் அளந்து கலப்பான். அப்பா அளந்ததில்லை. விடியலில், ஆற்றுப் பனி கூரைக்குள் இறங்கும்போது, நடுவிலிருந்து வெளியே சுற்றிச் சுற்றி மிதித்து வருவார். பாதத்தில் கல் தட்டினால் குனியாமல் விரலிடுக்கில் எடுத்து எறிவார். பாட்டில்லை, பேச்சில்லை. தூக்கத்தில் நடப்பவர் போல இருக்கும்.

கோயில் அசன விருந்துக்கு முப்பது குழம்புச் சட்டி தருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். விருந்துக்கு இன்னும் ஒன்பதே நாள். சட்டி காய ஐந்து நாள், சுட்டு ஆற இரண்டு. புது மண் ஊறுவதற்கு நேரமில்லை; சாக்குக்குள் இருக்கும் மண்தான்.

அம்மா ஹெப்சிபா வந்து நின்றாள்.

"இன்னும் எத்தன நாளு தண்ணி தெளிப்பே? முளைக்கவா போவுது?"

"மிதிச்சா அழிஞ்சிரும்மா."

"எது?"

அவன் தடத்தைக் காட்டினான். அம்மா பைய உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இது ரெண்டாம் மிதி, எய்யா. மூணாவது மிதிச்சுட்டு ஒங்கப்பா உள்ளங்கையால வழிச்சு விட்டுருவாக. தடம் தெரிஞ்சா வேலை முடியலன்னுதான் சொல்லுவாக. அரைகுறையா கெடக்கதையா பொத்திப் பொத்தி வைக்கே? பாத்தா ஏசுவாக."

அவன் காலைக் கழுவிக்கொண்டு மண்மேல் ஏறினான். நான்கு விரல் தடத்தின் மேல் இடது காலை வைத்தான். குளிர்ந்தது. சுண்டுவிரல் மட்டும் அப்பா தொடாத மண்ணில் அமுங்கியது.

சுற்றினான். குதிகாலில் ஏதோ உறுத்தியது. விரலிடுக்கில் எடுக்கப் பார்த்தான், நழுவியது. குனிந்தே எடுத்தான். நத்தை ஓடு.

"அவுகளுக்கும் மொதல்ல வரல," என்றாள் அம்மா.

மிதித்து முடித்து, உள்ளங்கையால் வழித்துவிட்டான். பிறகு அள்ளிப் பலகையில் அறைந்து பிசைந்தான். நூலால் அறுத்துப் பார்த்தான். உள்ளே ஒரு காற்றுக்குமிழ்கூட இல்லை.

வெயில் ஏறும்போது முப்பது உருண்டைகள் வரிசையில் இருந்தன. சாக்கைப் பிழிந்து கொடியில் போட்டான்.