கல்லாகத் தெரிந்த வீடு

எங்கள் யூட்டா ஊரில் பாதிப் பேர் ஆர்டித் சோரன்சன் பள்ளிக்கூடத்தில் சமைத்துப் போட்டதைத் தின்று வளர்ந்தவர்கள். ருசியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன், வயிறு நிறைந்தது.

எதிர்வீடு அவளுடைய பெரியப்பா மகள் நெல்டாவுடையது. மாட்டுவண்டியில் சமவெளி கடந்து வந்த அவர்களுடைய கொள்ளுத்தாத்தாக்கள், அண்ணனும் தம்பியும், கட்டிய வீடுகள் அவை. இரண்டும் ஒரே அச்சு: நடுவில் கதவு, இருபக்கமும் ஓர் அறை, இரு ஓரங்களிலும் புகைபோக்கி. போன வசந்தத்தில் பழைய வீடுகளைப் பாதுகாக்கும் சங்கத்திலிருந்து நெல்டா வீட்டுக்குப் பித்தளைப் பலகை வந்தது: 'முன்னோடிகள் கட்டிய கல்வீடு'. அன்றிலிருந்து ஆர்டித் முன்ஜன்னல் திரையை விலக்கவில்லை. தேவாலயத்துக்குக்கூடப் பின்சந்து வழியாகப் போனாள்.

பிறகு அவளும் அந்தச் சங்கத்துக்கு மனுப்போட்டாள். தன்னுடையதும் கல்வீடுதான், எதிர்வீட்டைவிடப் பழையது என்று. சுவரின் சுண்ணாம்புப் பூச்சில் கற்களின் இணைப்புபோலக் கோடுகள் ஓடின. உள்ளே இருக்கும் கல்லைத்தான் அவை காட்டுகின்றன என்று நான்கு தலைமுறையாக நம்பிய குடும்பம். பார்வையிட ஆள் வருவதற்கு முதல் நாள், கல் கண்ணுக்குத் தெரியட்டுமென்று முன்மூலைப் பூச்சைச் சுத்தியலால் தட்டி உதிர்த்தாள்.

உள்ளே சுடாத மண்கல். வைக்கோல் நீட்டிக்கொண்டிருந்தது.

நெல்டா தெருவைக் கடந்து வந்தாள். "என்னடி, கோழிக்குக் கூடு கட்டப் போறியா? வைக்கோலெல்லாம் எடுத்து வச்சிருக்க."

"உன் வீட்டுக் கல்லை எண்ணிக்கிட்டு இரு, போ."

மறுநாள் சங்கத்திலிருந்து பார்வையிட வந்த லமார் அந்த மூலையைவிட்டு நகரவே இல்லை. தேவாலய வழக்கப்படி அவளைச் சிஸ்டர் என்றே கூப்பிட்டார். "சிஸ்டர், இந்தக் கோடு போட்ட பூச்சு மத்த வீட்டுலயெல்லாம் உதிர்ந்துபோச்சு. எதிர்ல கல்வீடு எழும்பின வருஷம்தான் இதைப் பூசியிருக்காங்க. பலகை உங்களுக்கு உறுதி."

"என்னன்னு எழுதுவீங்க?"

"மண்வீடு, கல் மாதிரி தெரியறதுக்குக் கோடு போட்டதுன்னு."

"எதிர்வீட்டுல?"

"கல்வீடுன்னுதான் இருக்கு."

"அப்போ எனக்கு வேண்டாம்."

அண்ணன் கல் அடுக்கியதைப் பார்த்துத் தம்பி கோடு கிழித்திருக்கிறான். பொறாமைக்கு இவ்வளவு நேர்த்தியான கைவேலை தெரியும் என்று நான் நினைத்ததில்லை. அந்த வீட்டில் மெச்சத்தக்கது அது ஒன்றுதான். அதைத்தான் அவள் மறுத்துவிட்டாள்.

அடுத்த வாரம் உதிர்த்த மூலையைத் திரும்பப் பூசக் கொத்தனார் வந்தார். புல்தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோடுகளை இன்னும் தள்ளித் தள்ளிப் போடுங்க," என்றாள். "எதிர்ல இருக்கிறதைவிடக் கல்லு பெரிசா தெரியணும்."