உப்புத் தண்ணீர் படாத தலை

நான் யாரையும் சட்டென்று நம்புகிற ரகம் இல்லை. பால்காரர் ஊற்றும் பாலை விரலில் தொட்டுப் பார்ப்பேன். கண்டக்டர் ஊர் வந்துவிட்டது என்று சொன்னாலும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். என் வீட்டுக்காரர் என்னைப் போலீஸ்காரி என்றுதான் கூப்பிடுவார். கூப்பிடட்டும். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, தங்கச்சியை நாகல் நகரில் என் வீட்டில் வைத்து வளர்த்து ஆளாக்கியது நான்தான். வயசுப் பெண்ணை வீட்டில் வைத்திருப்பவள் எல்லோரையும் நம்பிக்கொண்டிருந்தால் உருப்பட்ட மாதிரிதான்.

அந்தத் தங்கச்சிக்கு இருபது வயதுக்குள் தலை நரைத்துவிட்டது. முதலில் காதோரம், பிறகு வகிடு, பிறகு உச்சி. பித்த நரை என்றார்கள். கறிவேப்பிலையைப் பச்சையாகத் தின்னச் சொன்னார்கள். கரிசலாங்கண்ணியை அரைத்து எண்ணெய் காய்ச்சினேன். ஒன்றுக்கும் மசியவில்லை. பெண் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கிய நேரம் அது. எண்பதுகளில் எங்கள் ஊரில் ஒரு குமரிக்குத் தலை நரைத்திருக்கிறது என்று தெரிந்தால், வயதைக் குறைத்துச் சொல்கிறார்கள் என்பார்கள், இல்லையென்றால் உடம்பில் ஏதோ சீக்கு என்பார்கள். இரண்டில் எது கிளம்பினாலும் அவளுக்குக் கல்யாணம் நடக்காது. அதனால் டை வாங்கினேன்.

நாகல் நகர்க் கடைகளில் வாங்கவில்லை. அங்கே எல்லோருக்கும் என் வீட்டுக்காரரைத் தெரியும். ஆட்டோ பிடித்துப் பேகம்பூர் போய், ஒரு சின்ன பேன்சி ஸ்டோரில் வாங்குவேன். கடைக்கார பாய் பொட்டலத்தை மடித்துக் கொடுத்தபடி, "வீட்டுக்காரருக்காம்மா?" என்று கேட்டார். சும்மா கேட்டாரா, நோட்டம் விட்டாரா என்று வீடு வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

கொட்டாங்குச்சியில் அந்தக் கரும்பொடியைக் கொட்டித் தண்ணீர் விட்டுக் குழைப்பேன். பழைய டூத் பிரஷ்ஷால் வகிடு வகிடாகப் பிரித்துத் தடவுவேன். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் டை பிடிக்காது என்று முதல் நாளே சீயக்காய் போட்டு வறட்டு வறட்டென்று தேய்த்துவிடுவேன். கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, யாராவது கூப்பிட்டால் "புள்ளைக்குத் தலைவலி" என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்து, அவசர அவசரமாக அலசி முடிப்பேன். நரை மறைந்தது, வாஸ்தவம். ஆனால் முழங்கால் வரை தொங்கிய முடி நாலைந்து தடவையிலேயே தேங்காய் நார் ஆகிவிட்டது. சீப்பு நடுவில் மாட்டிக்கொள்ளும். நுனி வெடித்துச் செம்பட்டையாகிவிட்டது.

இதில் எங்கள் போர் தண்ணீர் வேறு. சோறு வடித்தால் பானையில் வெள்ளையாகப் படிந்து நிற்கும் உப்பு. அந்தத் தண்ணீரை ஊற்றினால் முடி இன்னும் மொடமொடவென்று ஆகிவிடும். அதனால் குழாயில் வரும் நல்ல தண்ணீரில் ஒரு குடத்தை ஒதுக்கி அவள் தலைக்கு வைத்துக்கொண்டேன். குடிக்கிற தண்ணீருக்கே தெருவில் சண்டை நடக்கும் ஊரில் இது எப்பேர்ப்பட்ட அநியாயம் என்று எனக்குத் தெரியும். எதிர்வீட்டுக்காரி ஒருநாள், "ஒங்க வீட்டுக்கு மட்டும் எப்புடித்தான் இம்புட்டு நல்ல தண்ணி வேணுமோ" என்று முகவாயில் கைவைத்தாள். அன்றிலிருந்து அவள் மேலும் ஒரு கண் வைத்தேன்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்குக் காய்கறி மார்க்கெட்டில் சொந்தக் கமிஷன் மண்டி. அப்பா இல்லை, அம்மா மட்டும். பையனுக்குத் தலைமுடி அடர்த்தியாகக் கருகருவென்று இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றெரிச்சல்தான் வந்தது. அந்த அம்மாவுக்கோ தலை பூராவும் வெள்ளை, மறைக்கிற எண்ணமே இல்லாமல் கொண்டை போட்டிருந்தார். பெண் பார்த்தார்கள், பிடித்துவிட்டது என்றார்கள், பூ வைக்க நாள் குறித்தார்கள்.

பூ வைக்க வந்த அன்று தங்கச்சிக்குப் பின்னிவிட்டு, வெளிச்சம் முதுகுக்கு வராதபடி பார்த்து உட்கார வைத்திருந்தேன். அந்த அம்மா பூவை எடுக்காமல் தன் பையிலிருந்து ஒரு சீப்பை எடுத்தார்.

"எங்க வகையறாவுல ஒரு பழக்கமுங்க. மாமியாக்காரி தன் கையால பின்னலை அவுத்து, சீவி, மறுபடி பின்னித்தான் பூ வெப்போம்."

"இப்பத்தான பின்னிவிட்டேன், நல்லாத்தான இருக்கு" என்றேன்.

"நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனாலும் பழக்கமுங்களே" என்று சொல்லிக்கொண்டே பின்னலை அவிழ்த்துவிட்டார்.

சீப்பு பாதியில் மாட்டியது. அவர் இழுக்கவில்லை. நுனியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். வகிட்டை மெல்ல அகட்டினார். தங்கச்சி என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"உப்புத் தண்ணியா ஊத்தறீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"ஐயோ, இல்ல, நல்ல தண்ணிதான்" என்று உளறினேன். நல்ல தண்ணீரில் எவளாவது தலை குளிப்பாட்டுவாளா? அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"சீயக்காயைக் கொறைங்க. செம்பருத்தி எலையை அரைச்சுத் தேங்காப்பால் கலந்து ஊற விடுங்க. ஈரத்துல சீவாதீங்க. நுனிக்கு எண்ணெய் பத்தலைங்க" என்றார். பிறகு பக்குவமாகப் பின்னி, மல்லிகையை வைத்து, அவள் கன்னத்தைத் தடவிவிட்டுப் போய்விட்டார்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடித்தவள் ஏன் வாயைத் திறக்கவில்லை? கல்யாணத்துக்கு முன்னால் கூடுதலாகச் சீர் கேட்கத்தான் வைத்திருக்கிறாள். இல்லையென்றால் கல்யாணத்துக்குப் பின்னால் பெண்ணை அடக்கிவைக்க வைத்திருக்கிறாள். என் வீட்டுக்காரர், "அந்தம்மா நல்லதுதான சொல்லிட்டுப் போகுது, அதுலயுமா ஒனக்குச் சந்தேகம்?" என்றார். அதில்தான் சந்தேகமே. முடி வறண்டதற்கு ஒருத்தி இவ்வளவு கச்சிதமாக வைத்தியம் சொல்கிறாள் என்றால் அவளுக்கு இந்த விஷயம் எப்படித் தெரியும்?

"சொல்லிருவமா அக்கா?" என்று தங்கச்சி கேட்டாள்.

"அடியே, வாயைத் தொறந்தே, கொன்னுபுடுவேன்" என்றேன்.

கல்யாணம் நடந்தது. கூடுதலாகச் சீர் கேட்கவில்லை. எனக்கு அது இன்னும் பயமாக இருந்தது.

அதன் பிறகு மாதம் தவறாமல் தங்கச்சி என்னிடம் வந்துவிடுவாள். ஒரு தடவை எனக்குக் காய்ச்சல் என்று, ஒரு தடவை ஜாக்கெட் தைக்க என்று ஏதாவது சாக்கு. வந்ததும் கதவைச் சாத்துவோம், கொட்டாங்குச்சியை எடுப்போம். "அவருக்குத் தெரிஞ்சா என்னைய வேண்டாம்னு சொல்லிருவாரா அக்கா? ஏமாத்திட்டேன்னு நெனைப்பாருல்ல?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். ஊரில் இருக்கும்போது அவர் பக்கத்தில் வந்தாலே முக்காடு போட்டுக்கொள்வாளாம், தலையைக் குனிந்துகொள்வாளாம். "அவருக்கு நான் ரொம்ப அடக்கமான பொண்ணுன்னு நெனைப்பு" என்று சொல்லி அழுவாள்.

ஆனால் மாதாமாதம் மருமகள் பிறந்தகம் போகிறாள், எந்த மாமியார் முகம் சுளிக்காமல் அனுப்புவாள்? இந்த அம்மா அனுப்பினார். "போயிட்டு நாலு நாள் இருந்துட்டு வா கண்ணு" என்று பையில் முருங்கைக்காய், கத்திரிக்காய் எல்லாம் போட்டுத் தந்துவிடுவார். ஒரு தடவை காய்க்கு அடியில் ஒரு பொட்டலம் செம்பருத்தி இலை இருந்தது. "பாத்தியாடி, குத்திக் காட்டுறா!" என்று நான் குதித்தேன். தங்கச்சி, "அத்தை வீட்டு அம்மியிலயும் எப்பப் பாத்தாலும் செம்பருத்தி வாடைதாங்க்கா அடிக்குது" என்றாள். தலை பூரா வெள்ளையாக விட்டிருக்கும் பொம்பளை யாருக்காகச் செம்பருத்தி அரைக்கிறாள்? எனக்கு விளங்கவில்லை.

இன்னொன்றும் விளங்கவில்லை. கல்யாணம் நல்லபடி முடிந்தால் மகனுக்குப் பழனியில் மொட்டை போடுவதாக அந்த அம்மா வேண்டியிருந்தார். ஆனால் தேதி கேட்டால் தை என்பார், தை வந்தால் பங்குனி என்பார். சாமி காரியத்தைத் தள்ளிப்போடும் ஆளைப் போல அவர் இல்லை. எதையோ மறைக்கிறார் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஆரம்பிச்சுட்டா போலீஸ்காரி" என்று அவர் பேப்பரைத் திருப்பினார்.

கடைசியில் மாப்பிள்ளை மொபெட்டிலிருந்து விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டார். முருகனுக்குச் சொன்னதைச் செய்யாததால்தான் என்று அந்த அம்மா அரண்டுபோய்ச் சொல்லியனுப்பினார். கட்டுப் பிரித்த கையோடு எல்லோரும் பழனிக்குப் போனோம். தங்கச்சி என்னிடம் வர வேண்டிய சமயம் அது. வகிட்டில் வெள்ளை எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்ததால் பஸ்ஸில் முக்காட்டை எடுக்கவேயில்லை.

முடி எடுக்கும் மண்டபத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்தார். நாங்கள் மூன்று பெண்களும் பக்கத்தில் நின்றோம். முடி எடுப்பவர் தலையில் தண்ணீரைத் தெளித்து விரலால் அளைந்தார். கத்தியை வைத்தார். உடனே எடுத்துவிட்டார்.

"ஏனுங்க, டை போட்ட தலைங்களா? முடி நாராட்டம் கெடக்குது, கத்தி வழுக்க மாட்டேங்குது. வேரெல்லாம் வெள்ளை!"

"உனக்கெதுக்கப்பா அந்தப் பேச்சு? எடுத்து உடு" என்று அந்த அம்மா சீறினார்.

முதல் கொத்து விழுந்தது. குனிந்து பார்த்தேன். அடியில் அரிசி நீளத்துக்கு வெள்ளை, அதற்கு மேலே கருப்பு, நுனியில் செம்பட்டை. மாதாமாதம் என் கையால் பிரித்துப் பார்த்த அதே முடி. எனக்கு வந்ததே கோபம்!

"எங்கள இப்புடி ஏமாத்திட்டீங்களே!" என்று அந்த மண்டபத்திலேயே கத்தினேன். சொல்லும்போது எனக்குத் துளியும் கூச்சமில்லை.

அந்த அம்மா என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். "ஏனுங்க, பொண்ணு பாக்க வந்தப்பவே உங்க தங்கச்சி காதுக்குப் பின்னால டை கறை இருந்துச்சு. உறுதி பண்ணிக்கத்தான் பூ வெக்கறப்ப பின்னலை அவுத்தேன். நான் ஒரு வார்த்தை கேட்டனுங்களா?"

"அது பழக்கம்னு சொன்னீங்க?"

"அப்படி ஒரு பழக்கமே இல்லீங்க. எம்பையனுக்குக் கல்யாணமே ஆகாதுன்னு பயந்துட்டுக் கெடந்தேன். அந்த வகிட்டைப் பாத்தப்பறம்தான் எனக்கு உசுரே வந்துச்சு. உங்க தங்கச்சி உங்க ஊருக்கு வர்றப்பத்தான் நான் அவனுக்கு டை போட்டு உடறது."

அப்புறம்தான் பயம் வந்தது. "மாப்பிள்ளைக்கு? அவர்ட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லீங்க. அது அந்தப் புள்ளை சொல்ல வேண்டியது."

திரும்பிப் பார்த்தேன். மொட்டைத் தலையில் சந்தனம் பூசி மாப்பிள்ளை தரையைப் பார்த்து நின்றிருந்தார். "அம்மாதான் சொல்ல வேண்டாம்னாங்க. உங்கிட்ட மறைச்சது தப்புத்தான்" என்று தங்கச்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போதும் அவள் சும்மா இருந்துவிடலாம். குற்றம் முழுக்க அவர் தலையில், அவள் தலை யாருக்கும் தெரியாது. இரு, வாயைத் திறக்காதே என்று சொல்ல நான் ஓடினேன்.

அதற்குள் அவள் முக்காட்டை எடுத்துவிட்டாள். அவர் முன்னால் குனிந்து, இரண்டு கையாலும் வகிட்டைப் பிளந்து காட்டினாள். அப்படியே குனிந்து நின்றாள்.

அவர் கிட்டே வந்து பார்த்தார். இன்னும் கிட்டே வந்து பார்த்தார். "அடக் கெரகமே! எனக்கு மேல இருக்குதே!" என்றார்.

அவள் நிமிர்ந்தாள். சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

அடுத்த மாதம் செம்பருத்தியை அரைத்து, தேங்காய்ப்பால் பிழிந்து, நல்ல தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்துக் காத்திருந்தேன். அவள் வரவில்லை. அரைத்தது புளித்துப் போனது. தடுத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டி, மறுநாளே ஒட்டன்சத்திரம் பஸ் ஏறினேன்.

கொல்லையில் அவள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை பின்னால் நின்று, நாக்கைக் கடித்துக்கொண்டு, அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். அவர் தலையில் புதிதாக முளைத்த முடி பாதிக்குப் பாதி வெள்ளையாக, அப்படியே விட்டிருந்தது. கதவு திறந்தே கிடந்தது. குற்றம் கண்டுபிடிக்கத்தான் போனேன். நேராகப் போய் அவள் முடியைக் கையில் அள்ளினேன். நார் இல்லை. விரல் முடியின் நுனி வரை வழுக்கிக்கொண்டு போனது. என் கையில் இருந்த காலத்தில் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை.

"என்னத்தடி போடுறீங்க?"

"நீ போட்ட டையேதான் அக்கா. என்ன, நீ பயந்து பயந்து பாதியிலயே அலசிருவ. இவரு அதுக்கப்புறம் செம்பருத்தியும் தேங்காப்பாலும் தேச்சு ஆற அமர ஊற விடுறாரு."

இனி அவள் மாதாமாதம் வர மாட்டாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் விடவில்லை, என் காதோரம் விரலை வைத்தாள்.

"அக்கா, ஒனக்கு நரைச்சிருக்கே. கண்ணாடியே பாக்குறதில்லையா?"

ஊரார் தலையையெல்லாம் பார்த்தேன், என் தலையைப் பார்க்கவில்லை. அவள் எழுந்து என்னை முக்காலியில் அழுத்தி உட்கார வைத்து, டை குழைத்த கொட்டாங்குச்சியைக் கையில் எடுத்தாள்.

"இந்த டை எந்தக் கடையில வாங்குனது?" என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே கொண்டையை அவிழ்த்தேன்.