குடத்தில் வெட்டிய பெயர்

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகர மயானத்துக்கு எதிரே உள்ள கடையில் அப்பாவின் பெயரைக் கல்லில் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். உளிச் சத்தம் கேட்டதும் யாழ்ப்பாணத்துப் பாத்திரக்கடை நினைவுக்கு வந்தது.

அன்று புதுப் பித்தளைக் குடத்தில் பெயர் வெட்டக் கடைக்காரர் குனிந்தார்.

"என்ரை பேர் வேண்டாம், மகளின்ரை பேரை வெட்டுங்கோ. நான் போனாப்பிறகும் அவள் புழங்குவாள்," என்றார் அப்பா. பித்தளைத் தூள் என் பாதத்தில் மினுங்கியது.

இடம்பெயர்ந்தபோது குடத்தை விட்டுவிட்டு ஓடினோம்.

"இந்த வரிசைக் கல்லறைகளுக்குக் குறிப்பிட்ட ஆண்டுகள்தான் குத்தகை. அது முடிந்ததும் கல்லை எடுத்துவிடுவார்கள்," என்றார் உளியை வைத்துவிட்டுச் செதுக்குபவர். பக்கத்தில் நின்ற, ஜெர்மன் புரியாத அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"நீட்டிக்க ஏலாதோ, பிள்ளை?"

செதுக்குபவரிடம் கேட்டுவிட்டுத் திரும்பினேன். "ஏலாதாம், அம்மா."

அம்மா அந்தக் கல்லைத் தடவினார்.

ஊரில் யாரோ ஒருவரின் கிணற்றடியில் அந்தக் குடம் இன்னும் இருக்கலாம். அதிலும் அப்பாவின் பெயர் இல்லை.