வெள்ளைக்கோட்டில் நின்றவர்

பிரேசர் டவுனில் எங்கள் கிராஸ் தெரு இறக்கமாக வந்து பெரிய ரோட்டில் சேர்கிற மூலையில்தான் பெர்னதெத்தின் வீடு. வாசலுக்கு எதிரே ஒரு பழைய மழைமரம். அதன் அடிமரம் மறைப்பதால் பெரிய ரோட்டில் வருகிற வண்டி கடைசி நொடியில்தான் கண்ணில் படும். போனில் வழி பார்த்து ஓட்டுகிறவர்கள் எங்கள் கிராஸைக் கண்டுபிடித்த பிறகு, வைட்ஃபீல்ட் பக்கம் ஆபீஸ் போகிற கார்கள் எல்லாம் காலையில் இந்த இறக்கத்தில் சறுக்கிக்கொண்டு வந்து, நிற்காமல் அப்படியே திரும்பிப் போகத் தொடங்கின.

பெர்னதெத்துக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் முன்மேசையில் வேலை. வாயைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை வரிசையில் உட்கார வைத்துப் பழகிய குரல் அது. ஒரு நாள் பேப்பர் போடுகிறவரின் சைக்கிளை ஒரு கார் மூலையில் இடித்து, அவர் கால் முறிந்து கிடந்தபோது, அந்தக் குரல் தெருவுக்கு இறங்கியது. வார்டு ஆபீசுக்கும் டிராஃபிக் போலீஸ் ஸ்டேஷனுக்கும் பெர்னதெத் நடையாய் நடந்தார். போகிற இடத்தில் எல்லாம், "நாளைக்கு யாராவது செத்தா நீங்க வந்து தூக்குவீங்களா?" என்று கேட்டார். கடைசியில் சிவப்பில் எட்டு மூலை போர்டு ஒன்று வந்தது. கிராஸ் முடிகிற இடத்தில் குறுக்கே பட்டையாக ஒரு வெள்ளைக்கோடும் போட்டார்கள்.

கான்ஸ்டபிள் நின்ற வாரம் எல்லோரும் நின்றார்கள். அவர் போனதும் யாரும் நிற்கவில்லை. கிளினிக் போவதற்கு முன் பெர்னதெத் கேட்டருகே நின்று ஓட்டுகிறவர்களைப் பிடித்துக் கேட்பார்.

"தம்பி, போர்டுல இன்னா எழுதியிருக்கு?"

"ஸ்டாப்னு போட்டிருக்கு மேடம்."

"அப்புறம்?"

"அது எல்லாருக்கும் போட்டிருக்கு மேடம்" என்று ஒருவன் சொல்லிவிட்டுப் போனான். எல்லாருக்கும் என்றால் தனக்கு இல்லை என்பது போல அவன் சொன்ன விதத்தை பெர்னதெத் பல நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அப்போது சிரிக்க முடிந்தது.

அந்த போர்டுக்கு முதலில் பணிந்தவர் அவர் கணவர் வில்ஃப்ரெட். தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வுபெற்று, ஒரு பழைய ஸ்கூட்டரும் சாயங்கால கேரம் ஆட்டமுமாக இருந்த மனிதர். பொறுமை கிடையாது. சிக்னல் மஞ்சளானால் முறுக்குகிற ஆள். "ஊருக்கு சொல்லிட்டு நம்ம வீட்லயே நிக்கலன்னா காறித் துப்புவாங்க" என்று மனைவி சொன்ன நாளிலிருந்து அவர் நின்றார். முதலில் கிண்டலுக்காக நின்றார். கோட்டில் வண்டியை நிறுத்தி, காலை ஊன்றி, இரண்டு பக்கமும் கழுத்தை வளைத்துப் பார்த்து, பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவியிடம், "மேடம், போலாமா?" என்று உரக்கக் கேட்பார். மூலையில் பூ விற்கிற சொர்ணம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். கொஞ்ச நாளில் கிண்டல் போய் பழக்கம் ஆனது. தனியாகப் போகும்போதும் நின்றார்.

மூன்று வருடத்துக்கு முன், ஒரு வேலைநாள் காலையில், மனைவியைக் கிளினிக்கில் விட்டுவிட்டு வீடு திரும்பிய வில்ஃப்ரெட் மறுபடி கிளம்பினார். வீட்டில் பிரெட் தீர்ந்திருந்தது. மேட்டுப் பக்கத்துக் கடையில் அது இல்லை என்று, அங்கிருந்து இறங்கி வந்து பெரிய ரோட்டுக்குத் திரும்பப் போனவர், கோட்டில் நின்றார். பின்னால் வந்த கார் நிற்கவில்லை. ஸ்கூட்டரோடு அவரைப் பெரிய ரோட்டுக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டது. ஹெல்மெட் போட்டிருந்தார். தலையில் ஒரு கீறலும் இல்லை. நெஞ்சுக்குள் எங்கோ அடிபட்டிருந்தது. சொர்ணம் பூக்கூடையை அப்படியே விட்டுவிட்டு ஓடி, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போன் போட்டார். பெர்னதெத் ஆட்டோவில் வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது.

காரை ஓட்டியவன் ப்ரஹ்லாத் என்ற இளைஞன். வைட்ஃபீல்டில் வேலை. ஓடிப்போகவில்லை. நடைபாதையில் உட்கார்ந்திருந்தான். ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் கன்னடத்தில் அதட்டியபோது அவன் அழுதுகொண்டே ஒன்று சொன்னான். "அல்லி யாரூ நில்சல்லா சார். இவ்ரு யாக்கே நில்சித்ரு?"

அங்கே யாரும் நிறுத்தமாட்டார்களே, இவர் ஏன் நிறுத்தினார் என்று அவன் கேட்டான். தப்பிக்கக் கேட்ட கேள்வி அல்ல அது. உண்மையாகவே அவனுக்குப் புரியவில்லை. ஆனால் பக்கத்து பெஞ்சில் பெர்னதெத் உட்கார்ந்திருந்தார். இவர் ஏன் நிறுத்தினார் என்பதற்கான பதில் அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அடக்கம் முடிந்தது. வைட்ஃபீல்டில் தோழிகளோடு தங்கியிருந்த மகள் ஜூலியா கொஞ்ச நாள் வீட்டில் இருந்துவிட்டுப் போனாள். பெர்னதெத் வேலைக்குத் திரும்பினார். வெளியே பார்க்க முன்போலத்தான் இருந்தார். ஆனால் அந்த வீட்டில் ரோட்டுச் சத்தத்துக்குத் தப்ப இடமில்லை. படுக்கையைப் பின்னறைக்கு மாற்றினார். அங்கேயும் கேட்டது. காய் நறுக்கிக்கொண்டிருப்பார். இறக்கத்தில் டயர் தேயும். கத்தி அப்படியே நிற்கும். அந்தச் சத்தத்துக்குப் பிறகு ஒரு இடைவெளி இருக்கும். அதில் "மேடம், போலாமா?" என்று ஒரு குரல் கேட்குமாம். பதில் சொன்னால்தான் அடுத்த வேலை ஓடும் என்று சொர்ணத்திடம் சொல்லியிருக்கிறார். என்ன பதில் சொல்வார் என்பதைச் சொல்லவில்லை.

சொர்ணம் தினமும் மீந்த பூவைக் கட்டி அந்த போர்டுக் கம்பத்தில் ஒரு சரம் சுற்றுவார். ஒரு நாள் பெர்னதெத் அதை அறுத்து எடுத்துவிட்டார்.

"அவருக்குத்தான்க்கா வெச்சேன்" என்றார் சொர்ணம்.

"அவரு இருக்கறது கல்லறைல. இது அவர கொன்ன கம்பம். இதுக்கு எதுக்கு பூ?"

"கம்பம் இன்னாக்கா பண்ணுச்சு? காருதான…"

"இந்தக் கம்பத்த நட்டது யாரு சொர்ணம்?"

சொர்ணம் அறுந்த சரத்தைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகுதான் நாங்கள் எல்லோரும் பயந்த காரியம் நடந்தது. பள்ளிக்கூட நேரம். ஒரு பெண், முன்னால் யூனிஃபார்ம் போட்ட பிள்ளையை நிறுத்திக்கொண்டு ஸ்கூட்டரில் இறங்கி வந்தாள். கோட்டில் ஒழுங்காக நின்றாள். அவளுக்குப் பின்னால் மேட்டிலிருந்து ஒரு கார் வந்துகொண்டிருந்தது. கேட்டருகே நின்ற பெர்னதெத் இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்.

"நிக்காத! நிக்காதம்மா! போ! போயிடு!"

அந்தப் பெண் மிரண்டு போய் வண்டியை முறுக்கினாள். பெரிய ரோட்டில் வந்த ஆட்டோ ஒடித்துத் திரும்பி, மழைமரத்தை உரசிக்கொண்டு நின்றது. பிள்ளை வீறிட்டு அழுதது. பின்னால் வந்த கார் தானாகவே, போதுமான தூரத்தில் நின்றிருந்தது.

"உங்களுக்கு இன்னா பைத்தியமா?" அந்தப் பெண் கத்தினாள். "போர்டு போட்டிருக்கு, நின்னேன்! எதுக்கு தொரத்துறீங்க?"

பெர்னதெத் நடுரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அதே கிராஸில் குடியிருக்கிற நானும் சொர்ணமும்தான் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் விட்டோம். "கொன்னிருப்பேன்ல? அந்தக் கொழந்தைய நானே கொன்னிருப்பேன்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மறுநாள் ஜூலியா பெட்டியோடு வந்துவிட்டாள். அம்மா வீட்டிலிருந்தே வைட்ஃபீல்டுக்கு வேலைக்குப் போய் வந்தாள். பெர்னதெத் கிளினிக்குக்கு லீவு போட்டார். கேட் பக்கம் வருவதே நின்றுபோயிற்று.

ஒரு சனிக்கிழமை மதியம் ப்ரஹ்லாத் வந்தான். நடந்து வந்தான். கேஸ் நடந்துகொண்டிருந்தது. லைசென்ஸைப் பறித்திருந்தார்கள். அது இருந்திருந்தாலும் ஓட்டியிருப்பானா என்பது சந்தேகம். ஆள் பாதியாக இளைத்திருந்தான். ஜூலியா கதவை முழுசாகத் திறக்கவில்லை.

"எதுக்கு வந்தீங்க? கேஸ வாபஸ் வாங்கச் சொல்லவா?"

"இல்லங்க. அதுக்கு இல்ல."

உள்ளேயிருந்து பெர்னதெத், "வரச்சொல்லு" என்றார்.

அவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். பெர்னதெத் அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"நீ மன்னிப்பு கேட்டா இன்னா சொல்றதுன்னு எனக்குத் தெரியல. நான் ஒண்ணு கேக்கறேன், அதுக்கு உண்மைய சொல்லு. அவரு எதுக்கு நின்னாரு? யாராவது குறுக்க வந்தாங்களா? ஒரு நாய்? ஒரு சைக்கிள்?"

அவர் எந்தப் பதிலுக்காக ஏங்குகிறார் என்பது அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நாய் வந்தது என்று அவன் சொல்லியிருக்கலாம். யார் மறுக்கப் போகிறார்கள்? சொர்ணம்கூட சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தவர். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"இல்ல ஆண்ட்டி. யாரும் வரல."

"அப்போ போர்டுக்குத்தான் நின்னாரு."

"ஆமா ஆண்ட்டி. கோட்டுக்கு முன்னாடி நீட்டா நின்னாரு. நிக்கறதுக்கு முன்னாடியே கைய வெளிய நீட்டி, மெதுவா வாங்கன்னு காட்டினாரு. நான் பாத்தேன். பாக்காம இடிக்கல ஆண்ட்டி, பாத்துட்டேதான் வந்தேன். லேசா பிரேக் புடிச்சிட்டுப் போயிடுவாருன்னு நெனச்சேன். எல்லாரும் அப்படித்தான போவாங்க. கால ஊனினதும்தான் புரிஞ்சுது. அதுக்குள்ள…"

ஜூலியா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பெர்னதெத் அழவில்லை. எழுந்து செருப்பை மாட்டினார்.

"வா. எங்கேந்து பாத்தன்னு காட்டு."

வெளியே வந்தார்கள். கேட்டைத் தாண்டி அவர் காலெடுத்து வைத்ததைப் பார்த்து சொர்ணம் எழுந்து நின்றுவிட்டார். ப்ரஹ்லாத் மேட்டில் ஏறி ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நின்றான். "இங்கேந்து ஆண்ட்டி." பெர்னதெத் அவன் நின்ற இடத்தில் நின்று கீழே பார்த்தார். கோடு தெரிந்தது. போர்டு தெரிந்தது. அங்கே ஒரு மனிதர் நின்றால் அவர் சட்டையின் நிறம்கூடத் தெரியும். எதுவும் மறைக்கவில்லை.

"இந்த எடத்துல ரோட்டுல மேடா ஒரு ஹம்ப் இருந்திருந்தா?"

"இங்கயே வேகம் கொறஞ்சிருக்கும். நின்னிருப்பேன் ஆண்ட்டி."

"இத வார்டு ஆபீஸ்ல வந்து சொல்லுவியா?"

திங்கட்கிழமை இருவரும் ஒரே ஆட்டோவில் போனார்கள். ஜூலியா கோபமாக இருந்தாள், அவர்களோடு போகவில்லை. போர்டு வைத்தாகிவிட்டது, அதற்கு மேல் ஜனங்கள்தான் திருந்த வேண்டும் என்று ஆரம்பித்தாராம் இன்ஜினியர். ப்ரஹ்லாத் எழுந்து கன்னடத்தில், "இடித்தவன் நான்தான் சார்" என்று சொல்லி, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கோடு வரை நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். இன்ஜினியர் பேனாவை மூடி வைத்துவிட்டு, அவனையும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளையும் மாறி மாறிப் பார்த்தாராம். மழைக்காலம் முடிந்ததும் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் ஹம்ப் வந்தது.

இப்போதும் கோட்டில் முழுசாக நிற்கிறவர்கள் குறைவுதான். ஆனால் வேகம் செத்துப்போய்த்தான் வண்டிகள் கீழே வருகின்றன. அதன் பிறகு மூலையில் பெரிய விபத்து இல்லை. பெர்னதெத் அந்தப் பையனை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. அவன் அப்புறம் வரவில்லை. அவர் அவனைத் திட்டியும் நான் கேட்டதில்லை. லீவு முடிந்து கிளினிக் வேலைக்குத் திரும்பிவிட்டார். வீட்டை விற்றுவிட்டுப் போகலாம் என்று ஜூலியா பல தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். "அவரு கேட்டா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டாராம். அதற்குப் பிறகு ஜூலியா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மாப்பிள்ளை பார்க்கிற பேச்சையும் அவளே தள்ளிப்போட்டிருக்கிறாள்.

காலையில் ஜூலியாதான் அம்மாவை ஸ்கூட்டரில் கொண்டு போய் விடுகிறாள். கோட்டில் நிற்கிறாள். அந்த நேரம் பெர்னதெத் உடம்பை முழுசாகத் திருப்பி, ஒரு கையால் மகளின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வருகிற வண்டியைப் பார்க்கிறார். திட்டுவதில்லை, சைகை காட்டுவதில்லை. ஓட்டுகிறவரின் கண்ணை நேராகப் பார்க்கிறார், அவ்வளவுதான். அந்தப் பார்வையில் பட்டவர்கள் தள்ளியே நின்றுவிடுகிறார்கள். ஹாரன் அடிக்கக்கூடக் கை போவதில்லை. ஒரு நாள் அவர்களுக்குப் பின்னால் என் வண்டி நின்றிருந்தது. வருடக்கணக்காகப் பழகிய முகம் அது. ஆனால் அன்று அவருக்கு நான் பின்னால் வருகிற இன்னொரு வண்டிதான்; என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை.